பால் ஒத்துக்கொள்ளாத வீட்டில் சோயா, ஓட்ஸ், பாதாம், தேங்காய்: எதை வாங்கலாம், எதை விடலாம்

எங்கள் மகளுக்குப் பால் புரதம் ஒத்துக்கொள்ளாது. ஒரு ஸ்பூன் தயிர் உள்ளே போனாலும் உதடு வீங்கி, கழுத்திலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பி, கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிடுவாள். அதனால் பசும்பாலுக்குப் பதில் என்று மதுரைக் கடைகளில் என்னென்ன கிடைக்கிறதோ அத்தனையையும் வாங்கிக் காய்ச்சி, உறை ஊற்றி, காபி கலந்து, பாயசம் வைத்துப் பார்த்துவிட்டேன். இணையத்தில் இவற்றைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எடை குறைக்க நினைப்பவர்கள், அல்லது விரும்பிப் பாலை விட்டவர்கள். அவர்களுக்கு ருசி சரியாக இருந்தால் போதும். எங்களைப் போன்ற வீடுகளுக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. வளர்கிற பிள்ளைக்கு இது சாப்பாடாகுமா? பாக்கெட்டுக்குள் எங்காவது பால் ஒளிந்திருக்கிறதா? இதில் தயிர் உறையுமா? அந்தக் கணக்கில்தான் இந்த விமர்சனம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குச் சோயா. பெரியவர்கள் காபிக்கு ஓட்ஸ். குழம்புக்கும் பாயசத்துக்கும் வீட்டில் பிழிந்த தேங்காய்ப் பால். பாதாம் பாக்கெட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். தேங்காய்ப் பால் பவுடரைப் பின்பக்கம் படிக்காமல் கூடையில் போடவே போடாதீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். "பால் சேராதா? இப்பதான் லாக்டோஸ் இல்லாத பாலே வந்திருச்சே, அதை வாங்கிக் குடுங்க" என்று அக்கறையோடு சொல்பவர்கள் நிறையப் பேர். மருந்துக்கடைக்காரர் ஒருவரே எங்களிடம் அப்படிச் சொன்னார். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அது செரிக்காதவர்களுக்கு வயிறு உப்பும், பேதியாகும், அவர்களுக்குத்தான் அந்தப் பால். எங்கள் பிரச்சினை புரதத்தில் இருக்கிறது. பால் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன், மீதி 20 வே புரதம். லாக்டோஸை நீக்கிய பாலில் இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைக் கொடுப்பதும் சாதாரணப் பாலைக் கொடுப்பதும் ஒன்றுதான். ஆட்டுப்பால் என்று அடுத்த யோசனை வரும். ஆட்டுப்பால், எருமைப்பால் புரதங்கள் பசும்பால் புரதத்தோடு மிகவும் ஒத்துப்போவதால் பசும்பால் சேராத பெரும்பாலானவர்களுக்கு அவையும் சேராது. நன்றாகக் கொதிக்க வைத்தால் போய்விடும் என்பதும் நடக்காது, கேசீன் சூட்டுக்கு அசைந்து கொடுக்காத புரதம்.

இன்னொன்றும் உண்டு. கீழே எழுதியிருப்பது எதுவும் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாலுக்குப் பதில் ஆகாது. தாய்ப்பால் கொடுப்பவர் என்றால், தேவைப்பட்டால், தாய் பால் பொருட்களை நிறுத்த வேண்டியிருக்கும். இல்லையென்றால் புரதத்தை நன்றாகச் சிதைத்துத் தயாரிக்கும் பால்மாவோ அமினோ அமிலப் பால்மாவோ மருத்துவர் எழுதித் தர வேண்டும். அது அவர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம், கடையில் நின்று நாம் முடிவு செய்வதல்ல.

சரி, சோயாவுக்கு வருவோம்.

சோ குட், சோஃபிட் என்று அட்டைப்பெட்டியில் வருகிற சோயா பானங்கள் பெரிய கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. ஆவின் நீலப் பாக்கெட் லிட்டர் 40 ரூபாய் என்றால் இவை குறைந்தது அதைப் போல மூன்று மடங்காவது இருக்கும். மாதக் கணக்கில் அது பெரிய சுமைதான், ஆனாலும் பாக்கெட்டுகளில் சாப்பாடு என்று சொல்லத் தகுந்தது இது ஒன்றுதான். நல்ல சோயா பானத்தில் 100 மில்லிக்கு 3 கிராமை ஒட்டிப் புரதம் இருக்கும், பசும்பாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். சோயாவில் இயற்கையாக அவ்வளவு கிடையாது, தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று பெட்டியின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். வைட்டமின் டி, பி12 சேர்த்திருந்தால் இன்னும் நல்லது. சேர்த்த கால்சியம் அடியில் போய்ப் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் பெட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும், குலுக்காமல் ஊற்றினால் கடைசி டம்ளரில்தான் எல்லாம் வந்து சேரும். சர்க்கரை சேர்த்த வகையையும் சேர்க்காத வகையையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள், படித்து எடுங்கள்.

ருசி? முதல் வாயில் ஒரு பச்சை வாடை, ஊற வைத்த பயறை மென்றது மாதிரி. சிறு பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறார்கள், பெரியவர்கள்தான் மூக்கைச் சுளிக்கிறோம். ஏலக்காய் ஒன்றைத் தட்டிப் போட்டுக் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை கலந்து இளஞ்சூட்டில் கொடுத்தால் எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பதில்லை. கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி இறக்கியதும் இதை ஊற்றிக் கொடுக்கிறேன். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது, பாலை நிறுத்திய வீட்டில் அது பெரிய ஆறுதல். எள்ளும் அகத்திக்கீரையும் நெத்திலிக் கருவாடும்கூடக் கால்சியம் நிறைய உள்ளவை.

சோயாவிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பால் சேராத குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் சேராது. முதல்முறை மருத்துவரிடம் கேட்டுவிட்டு, கொஞ்சமாக, பகல் நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். ராத்திரி தூங்கப் போகும் நேரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

வீட்டிலேயே சோயாப் பால் எடுக்கலாமா என்றால் எடுக்கலாம், செலவு கால்வாசிகூட ஆகாது. இரவே ஊற வைத்துத் தோலை அலசி எடுத்துவிட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி அரைத்தால் அந்தப் பச்சை வாடை பெருமளவு குறைந்துவிடுகிறது. குளிர்ந்த தண்ணீரில் அரைக்கும்போது சோயாவில் உள்ள ஒரு நொதி வேலை செய்துதான் அந்த வாடையே வருகிறது. வடிகட்டிய பிறகு கிளறிக்கொண்டே நன்றாகக் கால் மணி நேரமாவது கொதிக்க விட வேண்டும், பச்சையாகக் குடித்தால் செரிக்காது. ஆனால் இதில் கால்சியம் சேர்ந்திருக்காது என்பதால் பிள்ளைக்குப் பெட்டி, சமையலுக்கு வீட்டுப் பால் என்று பிரித்துக்கொண்டோம்.

அப்புறம் காபி. ஃபில்டர் காபி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. வீட்டில் ஒரு சொட்டுப் பசும்பாலும் வேண்டாம் என்று முடிவெடுத்தபோது பெரியவர்களும் மாற வேண்டியதாயிற்று. ஒரே பாத்திரம், ஒரே கரண்டி, ஒரே சிங்க், இதில் பிரித்து வைப்பது நடைமுறையில் முடியாத காரியம். சோயா பானத்தைக் கொதிக்கக் கொதிக்க டிகாக்‌ஷனில் ஊற்றினால் அடுத்த நொடியே திரிந்து, மேலே வெள்ளைத் துகள், கீழே கலங்கிய தண்ணீர் என்று பிரிந்துவிடும். டிகாக்‌ஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து புரதத்தைத் திரட்டிவிடுகின்றன. சோயாவைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் ஆறிய டிகாக்‌ஷனை அதில் மெல்ல ஊற்றினால் பெரும்பாலும் நிற்கும். நின்றாலும் பயறு வாடை காபியோடு சண்டை போடும்.

இங்கேதான் ஓட்ஸ் பானம் ஜெயிக்கிறது. அதிலும் 'பாரிஸ்டா' என்று போட்டு வருகிற வகை. புளிப்பைச் சமன் செய்யும் உப்பு அதில் சேர்த்திருப்பதால் திரிவதில்லை, டபராவில் ஆற்றினால் நுரையும் நிற்கிறது. சர்க்கரை போடாமலே லேசான இனிப்பு இருக்கும். தயாரிக்கும்போது ஓட்ஸ் மாவுச்சத்தை நொதி கொண்டு உடைப்பதால் வருகிற இனிப்பு அது, நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது. விருந்தாளி ஒருவருக்குச் சொல்லாமலே கலந்து கொடுத்தோம், "காபி நல்லா இருக்கே, எங்க பொடி வாங்குறீங்க?" என்றுதான் கேட்டார். ஆனால் புரதம் 100 மில்லிக்கு 1 கிராம் அளவுதான், விலை சோயாவைவிட அதிகம். ஆகவே இது பெரியவர்கள் காபிக்கு மட்டும். பாயசத்துக்கு ஊற்றிக் கொதிக்க வைத்துவிடாதீர்கள், சூடேற ஏறக் கஞ்சி மாதிரி கொழகொழத்துப் போகும்.

பாதாம் பானத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியின் முன்னால் பாதாம் படம் நிறைய, உள்ளே பாதாம் சில சதவீதம், மீதி தண்ணீர். புரதம் பெரும்பாலும் 1 கிராமைக்கூடத் தொடாது. நாலு பாதாமை ஊற வைத்துப் பிள்ளை கையில் கொடுப்பது மேல். பாதாம் பால் மிக்ஸ் பவுடர் என்று டப்பாவில் வருவது முற்றிலும் வேறு, அது பசும்பாலில் கலக்கும் பொடி, சிலவற்றில் பால் பவுடரே சேர்ந்திருக்கும்.

தேங்காய்ப் பாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் ஆறுதலும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

நம் சமையலில் பாலுக்கு மாற்று என்று புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. திருநெல்வேலிக்காரர்கள் கல்யாண மறுவீட்டுக்குச் சொதி வைக்கிறார்கள், இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் தேங்காய்ப் பால் ஊற்றுகிறோம், பருப்புப் பிரதமனுக்கும் தேங்காய்ப் பால்தான். முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் வேக வைத்து, இறக்கும்போது முதல் பாலை ஊற்றி ஒரு சூட்டோடு அடுப்பை அணைக்க வேண்டும், கொதிக்க விட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். இதில் செய்யும் பாசிப்பருப்புப் பாயசத்தின் முன்னால் பசும்பால் பாயசம் நிற்காது என்பது என் தீர்மானமான கருத்து. மகளின் பிறந்தநாளுக்கு வீட்டில் ஜிகர்தண்டாவே செய்தோம். பாதாம் பிசினிலும் நன்னாரி சர்பத்திலும் பால் கிடையாது, சுண்டக் காய்ச்சிய பாலுக்குப் பதில் முந்திரியை ஊற வைத்து அரைத்துத் தேங்காய்ப் பாலில் கலந்து பனைவெல்லம் சேர்த்தேன். கீழவாசல் பக்கம் போகும்போதெல்லாம் ஜிகர்தண்டாக் கடையை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வருகிற பிள்ளை அன்றைக்கு இரண்டாவது டம்ளர் கேட்டாள். புரதமும் கால்சியமும் தேங்காய்ப் பாலில் மிகக் குறைவு, ஆகவே அதைத் தினமும் பாலுக்குப் பதிலாகக் கணக்கு வைக்கக் கூடாது. அவ்வளவுதான் அதன் குறை.

ஆபத்து, பவுடரில். தேங்காய் துருவிப் பிழிய நேரமில்லாதபோது வெந்நீரில் கலக்கும் தேங்காய்ப் பால் பவுடர் கைகொடுக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடையில் ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். தேங்காய்ப் பால், மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி, அதற்கடுத்துச் சோடியம் கேசினேட் என்று பொடி எழுத்தில் இருக்கும். கேசினேட் என்றால் பால் புரதம்தான். தேங்காய்ப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் அதைப் பொடியாக உலர்த்தும்போது கொழுப்பைப் பிடித்து வைக்க ஏதாவது ஒரு பொருள் தேவைப்படுகிறது, அதற்குப் பல நிறுவனங்கள் சேர்ப்பது இதைத்தான். முன்பக்கம் தேங்காய்ப் படம், பச்சைப் புள்ளி. பச்சைப் புள்ளி என்றால் சைவம் என்றுதான் அர்த்தம், பாலும் சைவத்தில்தான் சேர்த்தி. கேசினேட் இல்லாத பவுடர்களும் உண்டு, தேடினால் கிடைக்கும். அட்டைப்பெட்டியிலோ டின்னிலோ திரவமாக வருகிற தேங்காய்ப் பாலில் பெரும்பாலும் தேங்காயும் தண்ணீரும் கெட்டியாக்கும் பொருளும்தான். எனக்கு அவசரம் என்றால் அதுதான்.

பின்பக்கம் படிப்பது என்பதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கிவிட்டேன். 2020இல் வந்த உணவு லேபிள் விதிகளின்படி பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா போன்ற ஒவ்வாமைப் பொருட்கள் இருந்தால் அதைப் பெட்டியில் தனியாகக் குறிப்பிட வேண்டும். பொருள் பட்டியலுக்குக் கீழேயே இருக்கும் அந்த வரியை முதலில் பாருங்கள். 'பால் இருக்கலாம்' என்ற வரி இருந்தால் ஒரே இயந்திரத்தில் பால் பொருளும் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சோயா, ஓட்ஸ் பெட்டிகளிலேயே சிலவற்றில் அந்த வரி உண்டு. இலை வைத்த வீகன் முத்திரை இருந்தால் விலங்குப் பொருள் எதையும் சேர்க்கவில்லை என்று பொருள், நல்லதுதான், ஆனாலும் அந்த வரியைப் படிக்காமல் விடாதீர்கள். கேசீன், கேசினேட், வே, மில்க் சாலிட்ஸ், லாக்டால்புமின், இவை எல்லாமே பால்தான். ரொட்டி, பிஸ்கட், வெங்காய ருசி சிப்ஸ், உடனடி சூப் என்று எதிர்பாராத இடத்தில் எல்லாம் வரும். ஒரு பேக்கரியில் "இது நான்-டெய்ரி க்ரீம், துளி பால் கிடையாது" என்று அடித்துச் சொன்னார்கள். டப்பாவைக் காட்டச் சொன்னேன். அதிலும் சோடியம் கேசினேட். கடைப் பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பதைத்தான் அவன் சொன்னான். அப்படி ஒரு பெயரை அந்த டப்பாவில் போட அனுமதிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தயிர் இல்லாமல் தமிழ் வீடு எப்படி ஓடும் என்று கேட்பவர்களுக்கு: ஓடுகிறது. பாக்கெட்டில் வருகிற பாலில்லாத் தயிர் மதுரையில் சுலபமாகக் கிடைப்பதில்லை, வரவழைத்தால் குளிர் குறையாமல் அனுப்பும் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் உறை ஊற்றலாம். ஆனால் உறைக்கு வழக்கமான தயிரைப் போட முடியாதே. அதற்குப் பச்சை மிளகாய்க் காம்பு. இளஞ்சூடான சோயாப் பாலில் கழுவிய காம்புகள் ஏழெட்டைப் போட்டு மூடி வைத்தால், காம்பில் இருக்கும் நுண்ணுயிரே உறை வேலையைச் செய்துவிடும். முதல் ஈடு கொஞ்சம் காட்டமாகவும் நூல் பிடித்தாற்போலவும் இருக்கும். அதை அப்படியே உறைமோராக வைத்துக்கொண்டு அடுத்த ஈடு ஊற்றினால் நன்றாக வரும். சோயாவைவிட வேர்க்கடலைப் பாலில் உறைவதுதான் என் நாக்குக்குப் பிடிக்கிறது. வேர்க்கடலை சேராதவர்கள் விட்டுவிடுங்கள். வெறுமனே ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்டால் வித்தியாசம் தெரியும். குழைந்த சாதத்தில் பிசைந்து, கடுகு, இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மாதுளை முத்து தூவினால் வயிறு நிறையச் சாப்பிடலாம். நீர்மோராக அடித்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. பெட்டியில் வரும் சோயாவில் உறை ஊற்றுபவர்கள் சர்க்கரை, வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் வரும் ஓட்ஸும் பாதாமும் கெட்டியாக உறைவதில்லை, முயற்சி வேண்டாம்.

நெய்யைப் பற்றித்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். "ஏம்மா, உருக்கி வடிகட்டின நெய்யில எங்க இருக்கு பாலு?" என்பார் என் மாமியார். "கொஞ்சூண்டு இருந்தாலும் இவளுக்குப் போதும் அத்தை" என்பேன் நான். அவர் சொல்வதில் பாதி உண்மை. நெய்யில் புரதம் தடமளவுதான், சிலருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. எங்கள் மருத்துவர் எங்கள் மகளுக்கு வேண்டாம் என்றுவிட்டார். இப்போது அத்தையே பேத்திக்குப் பருப்புச் சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைகிறார், இட்லிப் பொடிக்கும் அதுவே.

வெளியே சாப்பிடும்போது இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் என்று நின்றுகொள்கிறோம். அவற்றிலும் நெய் விட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான். ரவா தோசை மாவில் மோர், பிரியாணியிலும் சிக்கன் 65இலும் தயிர், பரோட்டா மாவில் சில இடங்களில் பால், தட்டின் ஓரத்தில் வைக்கிற மோர் மிளகாய், இவை எல்லாமே சாப்பாட்டு மேசையில் யாரும் பால் என்று நினைக்காதவை. பெரிய சங்கிலி உணவகங்கள் மெனுவில் ஒவ்வாமை விவரம் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள். கடலைமிட்டாய் மட்டும் எங்கே போனாலும் கைப்பையில் இருக்கும், வேர்க்கடலையும் வெல்லமும்தான் என்று எழுதியிருந்து, 'பால் இருக்கலாம்' என்ற வரியும் இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இது சரியாகிவிடும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதைச் சோதித்துப் பார்ப்பது மருத்துவமனையில், அவர்கள் கண் முன்னால் மட்டும். "இப்ப பெரியவளாயிட்டாளே, ஒரு வாய் குடுத்துப் பாரேன்" என்று எந்த உறவினர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வாங்குபவர்களுக்குக் கடைசியாக இரண்டு விஷயம். எந்த வகையானாலும் முதலில் 200 மில்லி சின்னப் பெட்டி கிடைத்தால் அதை வாங்குங்கள். லிட்டர் பெட்டி திறந்தால் குளிர்பெட்டியிலேயே வைத்தாலும் பெட்டியில் போட்டிருக்கும் நாளுக்குள் முடித்தாக வேண்டும், பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் அத்தனையும் வீண். ஒரே பிராண்டை வருடக்கணக்கில் வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைப் படியுங்கள், பெட்டியின் படம் மாறாமலே உள்ளே சேர்க்கும் பொருள் மாறிவிடுகிறது.